அண்ணர் இறக்கிய ஓடு

என் எழுத்து மேசையின் கிழக்கு ஓரத்தில் ஒரு கூரை ஓடு இருக்கிறது. அதன் உட்புறத்தில் ஆணியால் கீறிய ‘கி’ என்ற எழுத்தை இன்றும் விரலால் தடவி உணரலாம். கீறியவர் என் அண்ணர்.

கிளிநொச்சியில் அவர் வரலாறு கற்பித்தார். ஸ்டாலின்கிராட் முற்றுகையைச் சொல்லத் தொடங்கினால் பாடம் முடியும் மணி எவருக்கும் கேட்காது. பனி இறங்கியதும் முற்றுகையிட்ட படையே முற்றுகைக்குள் அகப்பட்டதையும், போரின் போக்கு அங்கே திரும்பியதையும் அவ்வளவு சுவையாகச் சொல்வார். அது பிள்ளைகளோடு வீடுகளுக்கும் போனது. போர் எங்கள் ஊரை நெருங்கிய மாரியில் அயலவர்கள் அதையே நம்பியிருந்தார்கள். அங்கே பனி செய்ததை இங்கே மழையும் சேறும் செய்யும் என்றார்கள்.

வன்னியில் இடம்பெயர்பவர்கள் கூரையையும் கழற்றிக்கொண்டே போவார்கள். ஓடு, கதவு, யன்னல் எல்லாம் உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டியில் ஏறும். எங்கள் ஒழுங்கையின் வீடுகளில் மட்டும் ஒருவரும் ஓட்டில் கை வைக்கவில்லை. வெளிக்கிடுங்கள் என்று அண்ணர் வாயால் சொன்னபோது பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் பார்த்துச் சிரித்தார்.

“மாஸ்டர் பகிடி விடுறார். அவற்ற கூரை இருக்குமட்டும் நாங்களும் இருப்பம்.”

அன்று அண்ணர் சாப்பிடவில்லை. “ஸ்டாலின்கிராட்டில நிண்டவங்களுக்குப் பின்னால ஆறும், அதுக்கு அங்கால பெரிய நாடும் இருந்தது. எங்களுக்குப் பின்னால கடல். அதைப் படிப்பிக்காமல் விட்டிட்டன்,” என்றார்.

மறுநாள் காலை, கொட்டும் மழையில், எல்லோரும் பார்க்கக் கூரையில் ஏறினார். ஒவ்வோர் ஓட்டையும் கழற்றி, உட்புறத்தில் திசையின் முதலெழுத்தைக் கீறி, என்னிடம் தந்தார்.

“போறதெண்டு முடிவாச்சு. பிறகேன் அண்ணை இது?”

“கூரையைத் திரும்ப மேயேக்க கிழக்கும் மேற்கும் மாறக்கூடாது.”

மத்தியானத்துக்குள் ஒழுங்கை முழுவதும் ஓடுகள் இறங்கும் ஓசை கேட்டது. மாமியின் குடும்பம் எங்களுக்கு முன்பே புறப்பட்டது. கடைசி வீட்டுக் கூரையைக் கழற்றிக் கொடுக்க அண்ணர் நின்றுவிட்டார். அந்த முற்றத்தில் எறிகணை விழுந்தது. ஈர விறகில் அவரை எரிக்க நேர்ந்தது. அதற்குமேல் எழுத என்னால் இயலாது.

பெட்டியில் காயக்காரருக்கு இடம் வேண்டியிருந்ததால் வழிநெடுக ஓடுகளை இறக்கிவிட்டோம். ஒன்றை மட்டும் நான் என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இப்போது அதே காணியில் புது வீடு; தகரக் கூரை. அண்மையில் மாமி வந்தார். கதிரையில் இருந்தபடி, அப்போது மேசையின் மேற்கு ஓரத்தில் கிடந்த ஓட்டைக் கையில் எடுத்து, புரட்டி, அந்த எழுத்தை நெடுநேரம் பார்த்தார். போகும்போது, எடுத்த இடத்தில் வைக்காமல், மேசையைச் சுற்றிவந்து கிழக்கு ஓரத்தில் வைத்தார். நான் அதை மாற்றவில்லை.