நாலந்தாவில் திறக்காத கடை

ஹனீபா முதலாளி காலமான செய்தி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்கு வந்தது. அவருடைய மூத்த மகன் காசு மேசையருகில் வந்து, "மெனேஜர், வாப்பா மவுத்தாயிட்டாங்க. கடையப் பூட்டுங்க" என்றார். மேசைகள் நிறைந்திருந்தன. உட்கார்ந்தவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் பூட்டவில்லை. முதலாளியும் பூட்டியிருக்க மாட்டார்.

மாத்தளை நகரில் அந்தச் சாப்பாட்டுக் கடையில் கை நனைத்தவர்கள் எல்லோரும் அவரைப் புகழ்கிறார்கள். புகழட்டும். அவர்கள் அங்கே சாப்பிட்டவர்கள். நான் அதை நடத்தியவன்.

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பள்ளியில் சீனியர் பரீட்சை வரை தேறியவன் நான். தோட்டத் தமிழர் பலரையும் போல எனக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை இல்லாததால் அரசாங்க வேலை கிடைக்கவில்லை. முதலாளிதான் கூப்பிட்டு மெனேஜராக வைத்தார். அதை நான் மறக்கவில்லை. அவரும் மறக்க விடவில்லை. "தம்பிக்கு நாடு இல்லாட்டி என்ன, கடை இருக்கே" என்பார். சாப்பிடுகிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தில், வாரத்தில் இரண்டு நாள் கடைகளில் சோறு விற்கக் கூடாது என்று அரசாங்கம் சொன்னபோது, அந்த நாட்களில் பூட்டிவிட்டால் விறகும் கூலியும் மிஞ்சும் என்று விளக்கினேன். "பூட்டிப் பழகினா வாறவன் வேற எடம் பாத்துருவான், தம்பி. மரவள்ளிய அவிச்சுப் போடு" என்றார். நட்டம் வந்தது. ஊரில் நல்ல பேர் அவருக்கு. விறகுக்காரரைச் சமாதானப்படுத்தியது நான்.

யாழ்ப்பாணப் பஸ்கள் மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் நின்று போகும். அங்கே ஒரு கிளை திறக்கலாம், நான் பொறுப்பெடுக்கிறேன், லாபத்தில் ஒரு பங்கு தாருங்கள் என்று கேட்டேன். அவரிடம் எனக்காக நான் கேட்டது அது ஒன்றுதான்.

"கணக்குச் சரிதான்" என்றார்.

"அப்ப ஏன் முதலாளி யோசிக்கிறீங்க?"

"நீ அங்க போனா இங்க யாரு?"

"ஆள் பழக்கித் தாறேன்."

"உன்ன மாதிரி வராது. நீ ரொம்ப ஒழுங்காப் பாத்துட்ட."

அடுப்படியிலிருந்து சமையற்காரர் காதர் நானா, "மெனேஜர், இனிமேலாவது கெட்டித்தனத்தக் கொஞ்சம் கொறைங்க" என்றார்.

மறு வருடம் நாலந்தாவில் பஸ் நிற்கிற இடத்திலேயே வேறொருவர் கடை போட்டார். இன்றும் நன்றாக நடக்கிறது. முதலாளி கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுக்கொண்டு போயிருப்பேன். என் மகள் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவரோடு எப்படிச் சண்டை போடுவது?

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும் பிள்ளைகள் கடையை ஒரு புடவை வியாபாரிக்குக் கைமாற்றினார்கள். "இனி நீங்க ஓய்வா இருங்க" என்றார் மூத்தவர். எங்கேயும் போகலாம், மறிக்க ஆளில்லை.

சென்ற வாரம் உக்குவளையில் ரயிலுக்குக் காத்திருந்தபோது பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். அடுத்த மேசைக்காரர் தண்ணீருக்குக் கை காட்டினார், பரிமாறுபவர் கவனிக்கவில்லை. என் தேநீரை வைத்துவிட்டு எழுந்து, கூஜாவை எடுத்துப்போய் ஊற்றினேன். காசு மேசையிலிருந்தவர், "அய்யா எந்தக் கடையில வேலை?" என்று கேட்டார்.

முதலாளி எனக்கு விட்டுப்போனது இந்தக் கையைத்தான். வேறெந்த வேலைக்கும் இது இனி வளையாது.