கட்டுக்குள் வைத்த திருநீறு

வயிற்றை அறுத்துப் பிள்ளை எடுத்த தையலில் முதலில் வலி தெரியவில்லை. சூடுதான் தெரிந்தது. பிறகு காய்ச்சல், நீர்க்கசிவு. கண்டி நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் என்னைத் தனி அறைக்கு மாற்றினார்கள். புண்ணில் எதிர்ப்புக் கிருமி (வழக்கமான மருந்துகளுக்கு அடங்காதது) இருப்பதாக டொக்டர் சொன்னார். அது மற்றவர்களுக்கும் பரவுமாம். என் மகனை அக்கா எங்கள் ஊர் தெல்தோட்டைக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

என்னைப்போல் தனி அறையில் கிடக்கும் உங்களுக்குச் சொல்கிறேன், ஊசி வலி பழகிவிடும். கையுறை போட்ட கைகள் மட்டுமே நம்மைத் தொடுவது பழகவே பழகாது. பிள்ளையைத் தூக்க என் கை தவித்தது. மார்பில் பால் கட்டி வலித்தது. காய்ச்சலில் அதுவும் வற்றிப்போனது.

புண் ஆறி வந்தது. மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அன்றைக்குப் பிள்ளையை என் கணவரிடம் விட்டுவிட்டு அக்கா பார்க்க வந்தாள். நான் கண்ணயர்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கட்டு மாற்ற வந்த தாதி, யாழ்ப்பாணத்துக்காரர், பஞ்சை எடுத்ததும் நின்றுவிட்டார். தையலின் மேல் சாம்பல் நிறத்தில் பொடி.

"இது என்ன?"

"கோயில் திருநீறுங்க மிஸ்," என்றாள் அக்கா. "மாரியம்மாவ வேண்டிக்கிட்டு எடுத்துட்டு வந்தேன். சீக்கிரம் ஆறட்டும்னு நான்தான் கட்டுக்குள்ள வச்சேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கு அறிவிருக்கா அக்கா? நாளைக்கு நான் புள்ளையத் தூக்கியிருப்பேனே."

தாதி புண்ணைக் கழுவியபடி சொன்னார்: "ஏசாதேங்கோ. அக்கா, திருநீறை நெத்தியில பூசி விடுங்கோ. காயத்தில உங்கட கை படவே கூடாது. கட்டை நாங்கள்தான் பிரிக்கோணும்." பிறகு அக்காவைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கை கழுவக் காட்டிக்கொடுத்தார். அக்கா அழுதுகொண்டே கழுவினாள்.

புண் மறுபடி சிவந்தது. வீட்டுக்குப் போகும் நாள் தள்ளிக்கொண்டே போனது. கட்டு மாற்றும் வேளைகள்தான் எனக்குக் காலையும் மாலையும். அக்காவை நினைத்தால் எரிச்சல் வரும், என் பிள்ளை அவள் மடியில் கிடப்பது நினைவு வந்தால் பொறாமை வரும்.

ஒருவழியாக வீடு வந்து மகனைக் கையில் வாங்கினேன். நான் அறியாத கனம் அது. என் முகத்தையே பார்த்தான். உதடு பிதுங்கியது, வீறிட்டு அழுதான். என்ன தட்டியும் அடங்கவில்லை. அக்கா கதவருகிலேயே நின்றாள், நான் கூப்பிடாமல் வரவில்லை.

"நீயே தூக்கு அக்கா," என்றேன்.

அவள் தோளில் சாய்ந்ததும் அழுகை நின்றது. எனக்கு வயிற்றுத் தழும்பு இழுத்தது. அவன் வந்த வழி அதுதான் என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவன் பழகும்வரை பக்கத்திலேயே கிடக்க வேண்டியதுதான்.