இரண்டு பொட்டலத்தையும் வாரிக்கொண்டாள்

என் மகள் சின்னப்பொண்ணு சுவரைத் தின்றாள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு வயசுப் பிள்ளை, வெள்ளை மண் பூசின எங்கள் வீட்டுச் சுவரை நகத்தால் சுரண்டிச் சுரண்டி வாயில் போட்டுக்கொள்வாள். அடித்தேன். சுவரில் வேப்பெண்ணெய் தடவினேன். எதற்கும் மசியவில்லை.

அது தாரண வருஷம், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெரம்பலூருக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் சோளக்கொல்லை. ஆனி மாதம் பிள்ளை வெளுக்க ஆரம்பித்தாள். ஆடி பிறந்தபோது உதடு, நாக்கு, உள்ளங்கை எல்லாம் சுண்ணாம்பு போல ஆகிவிட்டன. முகமும் காலும் வீங்கின. வாசல்வரை நடந்தாலே மூச்சு இளைத்தது. பிறகு நடக்கவே இல்லை. வந்து பார்த்தவர்கள் தெருமுனைக்குப் போய்த் தலையை ஆட்டிக்கொண்டார்கள். எனக்கா தெரியாது?

சிறுவாச்சூர் இருக்கிற திசையைப் பார்த்து நின்று மதுரகாளி ஆத்தாளிடம் நேர்ந்துகொண்டேன். "ஆத்தா, எம் புள்ள தன் காலால நடந்து உன் வாசலுக்கு வர்ற வரைக்கும் எங்க வூட்டுல கவுச்சி சேராது. வந்த அன்னிக்கு உன் சன்னதியிலயே மாவிடிச்சு விளக்குப் போடுறேன்." என் வீட்டுக்காரருக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. அந்த மனுஷரும் முணுமுணுக்காமல் மோரும் வெங்காயமுமாகச் சாப்பிட்டார்.

அப்புறம்தான் அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிப் போனோம். அப்போது கரி போட்டு ஓட்டுகிற பஸ். மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். டாக்டர் பிள்ளையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளேயும் வெள்ளைதான்.

"ரத்தத்துலயே வியாதின்னா எங்க கையில ஒண்ணும் இல்லம்மா. புழு தின்ன சோகைன்னா தூக்கி விட்டுடலாம். பூச்சி மருந்தும் டானிக்கும் தரேன். தினம் ஆட்டு ஈரல் வேகவச்சுக் குடுங்க. ஒரு மாசம் குடுத்துப் பாத்தாத்தான் எதுன்னு தெரியும்" என்றார்.

ஈரலா! கவுச்சி சேராது என்று ஆத்தாளிடம் வாக்குக் கொடுத்தவளே நான்தானே! வாக்கை மீறினால் பிள்ளைக்கு ஆகாது, மீறாவிட்டாலும் பிள்ளை பிழைக்காது. நானே என் கையால் போட்ட முடிச்சு.

வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். "நம்ம வூட்டுல சேராதுன்னுதான சொன்ன? பக்கத்து வூட்டுல வேகவச்சு வாங்கியாந்துருவோம்."

"சாமிகிட்டயே வக்கீல் வேலை பாக்குறீங்களா?" என்று சீறினேன். "வெள்ளிக்கிழமை கோயில் தொறக்கும். ஆத்தாளையே கேட்டுப்புடுறேன்."

"வெள்ளிக்கெழம வரைக்கும் புள்ள இருக்கணும்ல?"

ஆத்தாளின் வாசல் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அன்றைக்குச் செவ்வாய். வெள்ளி வரும்வரை பிள்ளையின் மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். வேண்டினேன் என்று சொன்னால் பொய். சண்டை போட்டேன். "நீயும் ஒரு பொம்பளதான? எனக்கு ஒரு வழி சொல்லேன்டி" என்று வாய்விட்டு அழுதேன்.

வெள்ளிக்கிழமை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வர, சன்னதியில் போய் நின்றோம். பூசாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் மடித்துக் கட்டி ஆத்தாள் காலடியில் வைத்து எடுத்தார். வெள்ளை வந்தால் ஈரல் கொடுக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்கிற கை குழந்தைக் கையாக இருக்க வேண்டும். சுற்றிலும் பார்த்தால் வேறு குழந்தையே இல்லை. பூசாரி தட்டை என் மகளுக்கு முன்னாலேயே நீட்டினார்.

அவள் கையை அசைத்தே வெகுநாள் ஆகியிருந்தது. பொட்டலத்தைப் பார்த்தாள். பொரிகடலை என்று நினைத்தாளோ என்னவோ, தகப்பன் தோளிலிருந்து சரிந்து, இரண்டு கையாலும் இரண்டு பொட்டலத்தையும் வாரிக்கொண்டாள்! பிடுங்கப் பார்த்தார் என் வீட்டுக்காரர். விடவே இல்லை.

பூசாரி சிரித்துவிட்டார். "இன்னும் என்னத்தக் கேக்குற? நீ நேந்துக்கிட்டபடி நீ இரு. புள்ள மருந்து புள்ளைக்கு. ரெண்டுக்கும் சரின்னுட்டா ஆத்தா, போ."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன். என் முடிச்சை ஆத்தாள் என் பிள்ளையின் கையாலேயே அவிழ்த்துவிட்டாள்.

மறுநாள் முதல் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் தனி அடுப்பு மூட்டி ஈரல் வேகவைத்தேன். முதலில் துப்பினாள், வாந்தி எடுத்தாள். விடவில்லை நான். அரைத்து ரசத்தில் கரைத்து ஊட்டினேன். ஒருநாள் ஒரு துண்டை என் வாயருகே நீட்டி, "நீயும் தின்னும்மா" என்றாள்.

"நீ நடந்து ஆத்தா கோயிலுக்கு வா. அப்பத்தான் அம்மா திங்கலாம்."

"நாளைக்கே நடக்குறேன்" என்றாள் என் தங்கம்.

தினமும் விடிந்ததும் அவள் இமையை இழுத்துப் பார்ப்பேன். வெள்ளை. மறுநாளும் வெள்ளை. ரத்தத்து வியாதிதானோ என்று மறுபடியும் இழுத்துப் பார்ப்பேன். ஆவணி கடைசியில் ஒரு காலை, வெயிலில் வைத்துப் பார்த்தேன். உள்ளே ரோஜா நிறம்! அவரைக் கூப்பிட்ட கூப்பாட்டில் தெருவே ஓடி வந்தது. அரியலூர் டாக்டரும் பார்த்துவிட்டு, "சோகைதாம்மா. இனிமே பயமில்ல" என்றார்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, வண்டியைத் தூரத்திலேயே நிறுத்தச் சொல்லி, என் மகள் தன் காலால் நடந்து ஆத்தாள் வாசலுக்கு வந்தாள். நான் அங்கேயே அரிசி இடித்து, வெல்லம் சேர்த்து விளக்குப் போட்டேன். சுவரைத் தின்ற வாய், மாவை அள்ளி அள்ளித் தின்றது. தின்றுவிட்டு ஆத்தாளைப் பார்த்து, கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்:

"நான் நடந்துட்டேன்! எங்கம்மா இனிமே திங்கலாமா?"

அவள் இன்றைக்கு மூன்று பிள்ளை பெற்றவள். எனக்கு ஒரு கஷ்டம் என்றால் நான் இப்போதும் சிறுவாச்சூருக்குத்தான் போகிறேன். உங்களுக்கும் ஒரு கஷ்டம் இருக்கும். மருந்தையும் விடாதீர்கள், ஆத்தாளையும் விடாதீர்கள். அழகாக வேண்டத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். சண்டை போட்டாலும் கேட்பாள். என் சண்டையைக் கேட்டவள்தானே.