உருளைக்கிழங்கு ஷயரின் பத்தாண்டுக் கணிப்பு

போன சனிக்கிழமை மகள் கட்டும் புது வீட்டைப் பார்க்கப் போயிருந்தோம். வீடு என்று சொல்ல இன்னும் சில மாதம் பிடிக்கும். சேற்றுக்கு நடுவே பைன் மரச் சட்டங்கள் மட்டும் நின்றன. காலையில் மழை பெய்திருந்ததால் ஈரப் பலகை வாசம் மூக்கில் ஏறியது. சட்டங்களுக்கிடையே நடந்து, "இது குசினி, இது உங்கட அறை" என்று காட்டிக்கொண்டு வந்த மகள் திடீரென்று திரும்பினாள். "அப்பா, யூ யூஸ்ட் டு டூ திஸ், நோ? இந்தப் பக்கம் விலை ஏறுமா?"

என் மனைவி ஜெசிந்தா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

அவள் சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல, இதே மண்ணில் உருளைக்கிழங்கு விளைந்த காலத்துக்கு உங்களை அழைத்துப் போக வேண்டும்.

மெல்பேர்ணுக்கு வந்த புதிதில் நான் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் வனிலா வாசம் அடித்தால் என் விரல் நுனிகள் எரியும். அட்டையின் ஓரம் கிழித்த இடங்கள். ஊரில் வாங்கிய பொருளியல் பட்டம் சூட்கேசின் அடியில் கிடந்தது. அதைத் தூசி தட்டி எடுத்து நூறு இடத்துக்கு விண்ணப்பித்ததில், தென்கிழக்குப் புறத்தில் ஒரு சின்ன ஷயரில் ஆறு மாதத் தற்காலிக வேலை கிடைத்தது. ஷயர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நம்மூர்ப் பிரதேச சபை மாதிரித்தான். ஒரு செங்கல் கட்டடம், ஒரு கூட்ட மண்டபம், ஜன்னலுக்கு வெளியே மாடுகள். உறுப்பினர்களில் பாதிப் பேர் உருளைக்கிழங்கு விவசாயிகள், மீதிப் பேர் பால்மாடு வைத்திருந்தவர்கள். சப்பாத்து மண்ணை வாசலில் தட்டிவிட்டுத்தான் கூட்டத்துக்கு வருவார்கள்.

நான் சேர்ந்த மூன்றாம் வாரம் திட்ட அதிகாரி இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் போய்விட, அவருடைய கோப்பு என் மேசைக்கு வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் இந்த ஷயரில் வீடுகளும் வேலைகளும் என்ன ஆகும் என்று கணிக்க வேண்டும். அதை வைத்துத்தான் தோட்டங்களின் பக்கம் கழிவுநீர்க் குழாய் போடுவதா வேண்டாமா என்று சபை முடிவெடுக்கும். குழாய் இல்லாவிட்டால் வீடுகள் வரமுடியாது. குழாய் போட்டும் சனம் வராவிட்டால் சபை கடனில் மூழ்கும்.

வட்டி உச்சியில் நின்ற காலம் அது. தொழிற்சாலைகள் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திக்கொண்டிருந்தன. கட்டட அனுமதிகள் வருடாவருடம் குறைந்திருந்தன. நான் கட்டத்தாளில் புள்ளி வைத்து, அடிமட்டத்தால் கோடு இழுத்தேன். அது கீழே போனது. அதே அடிமட்டத்தை இன்னும் பத்து வருடத்துக்கு நீட்டினேன். அதன்படி பார்த்தால் கடைசியில் ஷயரில் மாடுகள் மட்டுமே மிஞ்சும்.

முன் மேசையில் ஜாய்ஸ் என்றொரு பெண்மணி இருந்தார். நாய்ப் பதிவும் கூட்டக் குறிப்பும் அவர் பொறுப்பு. என் கோட்டைப் பார்த்துவிட்டு, ஒரு வருடமாகப் பெரிய சாதி நாய்களின் பதிவு கூடியிருக்கிறது என்றார். நகரத்து வாடகை வீடுகளை விட்டு வருகிற இளங்குடும்பங்களாம். விட்டுப் போக நினைக்கிற இடத்தில் யாரும் அவ்வளவு பெரிய நாயை வளர்க்க மாட்டார்களாம். நான் மரியாதையாகச் சிரித்துவைத்தேன். பல்கலைக்கழகத்தில் எனக்கு நாய்களைப் பற்றி யாரும் படிப்பிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா நான் வேலை செய்யும் கந்தோர் இருக்கும் ஊரைப் பார்க்க ஆசைப்பட்டாள். அப்போது நகரத்துப் பக்கம் மல்கிரேவில் இரண்டு அறை பிளட்டில் கைக்குழந்தையோடு இருந்தோம். கந்தோர் ஊர்த் தேவாலயத்தில் பூசை முடித்து, குழந்தைகளைத் தள்ளும் வண்டில்களுக்கிடையே வெளியே வந்தால், பக்கத்திலேயே ஒரு காணி விற்பனைக்கு. விலை எங்கள் கைக்கு எட்டுகிற விலை.

"இஞ்சாருங்கோ, இதை வாங்குவமே?" என்றாள்.

நான் காருக்குப் போய்ப் பையைத் திறந்து கட்டத்தாளையே எடுத்துக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தாள்.

"உங்கட கோடு கீழ போகுது. கோயில் வாசல்ல பிள்ளை வண்டில் விட இடமில்லை. நான் எதை நம்புறது?"

வீடு வரும்வரை வட்டியைப் பற்றி விளக்கிக்கொண்டே வந்தேன். அவள் பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மத்தியானம் கூட்டம். கலியாணத்துக்குக் கட்டிய டையைக் கட்டிக்கொண்டு அறிக்கையை வாசித்தேன். முடிந்ததும் ஒரு உருளைக்கிழங்கு விவசாயி கை உயர்த்தி, நீ இங்கே வீடு வாங்குவாயா என்று மட்டும் கேட்டார். அதற்கான பதில் என் தாளில் இல்லை. சபையின் பிரதான அதிகாரி என்னையே பார்த்தார். என் வேலை நீடிப்பு அவர் கையில் இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வேறொன்றைச் சொன்னது.

"என் மனைவி வாங்கச் சொல்கிறாள்."

மண்டபம் சிரித்தது. அந்த விவசாயி சிரிக்கவில்லை, ஏன் என்று கேட்டார். வேறு வழியில்லாமல் பிள்ளை வண்டில்களைச் சொன்னேன். பிறகு ஜாய்ஸைப் பார்த்தேன், நாய்களையும் சொன்னேன். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் குழாய்த் திட்டம் நிறைவேறியது. அலுவலரின் மனைவி சாதகமான கருத்துடையவர் என்று ஜாய்ஸ் கூட்டக் குறிப்பில் எழுதிவைத்தார். பிரதான அதிகாரி என்னைக் கூப்பிட்டபோது வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவரோ வேலையை இன்னும் ஆறு மாதம் நீட்டித்துக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் சொன்னதும் ஜெசிந்தா, "அப்ப காணியை எப்ப எழுதுறம்?" என்றாள். அது அரசியல், இலக்கம் இலக்கம்தான் என்று நான் மறுத்துவிட்டேன். ஒரு சபையே என் மனைவியை நம்பியது. என் அறிக்கையை நம்பிய ஒரே ஆள் நான். சில வருடம் கழித்து மல்கிரேவில் அதைவிட மிகக் கூடின விலைக்கு ஒரு பழைய வீடு வாங்கினோம். நல்ல வீடுதான், குறை சொல்லக் கூடாது. மகள் இப்போது வாங்கியிருக்கும் துண்டோ அன்றைய காணியில் பாதிகூட இல்லை.

பத்து வருடத்தில் என்னென்ன ஆகும் என்று எல்லாவற்றையும் எழுதிய நான், அந்த ஷயர் ஐந்து வருடம்கூடத் தாங்காது என்று எழுதவில்லை. மாநிலத்தில் சின்ன ஷயர்களையெல்லாம் பெரியவற்றோடு சேர்த்தபோது அதன் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள். ஜாய்ஸ் கடற்கரைப் பக்கம் குடிபோனார். சில நத்தார்ப் பண்டிகைகளுக்கு வாழ்த்து அட்டை வந்தது, பிறகு நின்றது.

சனிக்கிழமை திரும்பும் வழியில் அந்தச் செங்கல் கட்டடத்தின் முன் காரை நிறுத்தினேன். இப்போது அது தரையில் பதிக்கும் ஓடுகள் விற்கும் கடை. இங்கேதான் சபைக் கூட்டம் நடந்தது என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். அப்படியொரு ஷயரைக் கேள்விப்பட்டதே இல்லை என்றாள். ஒரு துண்டில் பெயரை எழுதிக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, அது எந்த நிறத்து ஓடு என்று கணினியில் தேடத் தொடங்கினாள்.