கணவாய்ப் பொரியலுக்குப் பின்னால் ஒரு ஜீப்

எங்கள் வளாகக் கன்டீனில் இடியப்பம் அவிக்கும் அக்காவின் கணவரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. திரும்பி வந்தபோது அவருடைய வலது கை முறிந்திருந்தது. இதை எழுத உட்காரும்போது இன்னமும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அவர் மீன்பிடிக்கிறவர். திருகோணமலை நகரத்துக்கு வடக்கே, கரையோரமாக வீடு. அந்தக் கரையில் ஒரு விடுதி வரப்போகிறது, தோணிகளை எடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் எடுக்கமாட்டேன் என்றார். பொலிஸ் பதிவில் இருந்ததோ வேறு கதை. இரவில் குடித்துவிட்டு வீதியில் கலகம் செய்தாராம். சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டாராம். அதற்குப் பிறகுதான் கைது செய்தார்களாம். அப்படி எழுதி அவர்மீது வழக்கும் போட்டிருந்தார்கள்.

"அவர் சாராயத்தைத் தொடுறதே இல்லை தங்கச்சி," என்றார் அக்கா. "பட்டப்பகலில, கரையில வைச்சுப் பிடிச்சவங்கள். ஊரே பார்த்தது. ஆனா ஒருத்தரும் வந்து சொல்லமாட்டினமாம்."

அயலவர்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களுடைய தோணிகளும் அதே கரையில்தான் கிடந்தன.

"பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில கமராவோட ஒரு பொடியன் நிண்டவனாம். நீங்கள் கம்ப்யூட்டரில இப்பிடித் தேடித்தானே படிக்கிறனீங்கள்? அவன் எடுத்ததைக் கண்டுபிடிக்க ஏலாதோ?"

நானும் கிண்ணியாவிலிருந்து வரும் என் தோழியும் இறுதியாண்டில் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தோம். இணையத்தில் யாரும் பார்க்கக்கூடியதாகக் கிடக்கும் படங்களையும் காணொளிகளையும் வைத்து, ஒரு மனித உரிமை மீறல் எங்கே, எப்போது நடந்தது என்று நிறுவுகிற வேலை. வகுப்பில் தந்த உதாரணங்கள் எல்லாமே தூரதேசத்தவை. அவற்றைப் பார்த்து நாங்கள் குறிப்பெடுத்தோம். ஒருநாளும் வயிறு எரியவில்லை.

தமிழிலும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுத் தேடினோம். எத்தனையோ கடற்கரைகள், எத்தனையோ மீன் பொரியல்கள். கடைசியில் அகப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த தமிழ் இளைஞன் ஒருவன், கையில் ஒரு தட்டுக் கணவாய்ப் பொரியலோடு, "பாருங்கோ உறவுகளே, எவ்வளவு அமைதியான இடம்!" என்று சிரிக்கிறான். அவனுடைய தோளுக்குப் பின்னால் ஒரு பொலிஸ் ஜீப் நிற்கிறது. நீலச் சாறம் கட்டிய ஒருவரை இரண்டு பேர் இழுக்கிறார்கள். அவர் வலது கையால் தோணியின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருக்கிறார். பிடியை விடுவித்து ஜீப்பில் ஏற்றுகிறார்கள். உடனே கமரா கணவாய்க்குத் திரும்பிவிடுகிறது.

முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்தோம். பிறகு சரிபார்த்தோம். கடைக்குப் பின்னாலிருந்த நீர்த்தாங்கியும் வளைந்த தென்னையும் செய்மதிப் படத்தில் அப்படியே இருந்தன. எந்த நாள் என்றுதான் பிடிக்க முடியவில்லை, ஏனென்றால் அவன் காணொளியைப் பிந்தித்தான் போட்டிருந்தான். தோழி காதில் ஹெட்போனை மாட்டி, திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"இஞ்ச கேளுடி. இவன்ட கதைக்குப் பின்னால லவுட்ஸ்பீக்கர் கேக்குது."

கோவில் ஒலிபெருக்கி. அன்றைய அன்னதானத்துக்கு ஊரை அழைத்துக்கொண்டிருந்தது. கோவிலில் விசாரித்தோம், அக்கா சொன்ன அதே நாள். நேரத்தை நிழல் சொன்னது. எங்கள் கரையில் காலையில் நிழல் ஊர்ப்பக்கம் விழும், மத்தியானம் திரும்பினால் கடல்பக்கம். தென்னையின் நிழல் கட்டையாகக் கடலைப் பார்த்து விழுந்திருந்தது. இரவாம், வீதியாம், சைக்கிளாம்!

மூலப் பிரதியைக் கேட்டு அந்த இளைஞனுக்கு எழுதினோம். குரல்பதிவில் பதில் வந்தது. "சிஸ்டர், என்ர சேனல் பயணச் சேனல். இதுக்குள்ள அரசியலைக் கொண்டு வராதேங்கோ. எனக்குத் திரும்ப அங்க வரவேணும்."

அடுத்த நாள் பார்த்தால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்திருந்தான். கணவாய் இருந்தது. ஒரு மனிதரை இழுத்துக்கொண்டு போனது மட்டும் இல்லை. எங்களிடம் பிரதி இருந்ததால் வழக்குக்கு நட்டமில்லை. ஆனால் பொலிஸ்மீது இருந்ததை விட அவன்மீது எனக்கு அன்று கூடுதலான கோபம் வந்தது. எங்கள் மொழியில் எங்களை உறவுகளே என்று கூப்பிட்ட வாய் அது.

அக்காவின் சட்டத்தரணி காணொளியை நீதிமன்றத்தில் கொடுத்தார். இனித் தப்ப ஏலாது என்று நினைத்தோம். அடுத்த தவணையில் பொலிஸ் புதுக் கதையோடு வந்தது. ஓம், பகலில்தான் பிடித்தோம். முதல் பதிவு எழுத்துப் பிழை. போகிற வழியில் சந்தேகநபர் ஜீப்பிலிருந்து குதித்துக் கையை முறித்துக்கொண்டார்.

காணொளியில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்துப் பார்த்து அளவெடுத்துத் தைத்த பொய். ராத்திரியும் சாராயமும் சைக்கிளும் ஒரு சொல்லில் காணாமல் போயின.

நீதிமன்ற வாசலில் தோழி வெடித்தாள். "நாமதான்டி அவங்களுக்கு நல்லாப் பொய் சொல்லப் படிச்சுக் குடுத்திருக்கம்!"

சட்டத்தரணி அவளை அடக்கவில்லை. "கத்துங்கோ. ஆனா ஒண்டை யோசியுங்கோ. ஒரு கை ரெண்டு இடத்தில முறியாது. ரெண்டு கதையிலயும் அவையின்ர கையெழுத்து இருக்கு."

அது உதவியது. குடித்துக் கலகம் செய்தார் என்ற வழக்கிலிருந்து நீதவான் அவரை விடுதலை செய்தார். பிடித்தவர்களில் ஒருவருக்கு இடமாற்றம். தண்டனை ஒருவருக்கும் இல்லை.

தீர்ப்பன்று பின்னேரம் அவருடைய வீட்டுக்குப் போனோம். கதிரையில் இருந்தவர் எங்களைக் கண்டு எழும்பினார். கை கோணலாகப் பொருந்தியிருந்தது.

"நான் குடிகாரன் இல்லையெண்டு கோட்டில சொல்லிப்போட்டினம். சந்தோசம், பிள்ளையள்," என்றார். "தோணி தள்ளுற கையை ஆர் திருப்பித் தருவினம்?"

குசினிக்குள் இருந்து அக்கா வந்தார்.

"முறிச்சவங்களுக்கு எதிரா வழக்குப் போடப் போறன்."

"போதுமப்பா," என்றார் அவர். "திரும்பவும் வருவாங்கள்."

"வரட்டும். வந்தாலும் வராட்டியும் உங்கட கை இப்பிடித்தானே இருக்கப்போகுது?"

வழக்குப் போட்டார். அது இன்றும் இழுபடுகிறது. தவணைக்கு மேல் தவணை. நாங்கள் இருவரும் படித்து முடித்துவிட்டோம், ஆனாலும் வழக்கு நாட்களில் அக்காவோடு போகிறோம். போன தடவை, இடமாற்றம் பெற்றுப்போன அந்த அதிகாரி வராந்தாவில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். நான் தலை குனிந்துகொண்டேன். அக்கா குனியவில்லை. அந்த ஆள் முகத்தைத் திருப்பும்வரை கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.