மாப்பிள்ளை ஏறிய குதிரை

கொடைக்கானல் ஏரிக்கரையில் சீசனுக்கு வருகிறவர்களுக்குக் குதிரை வாடகைக்கு விடுவது என் தொழில். என் குதிரை ராஜாவுக்கு ஒரு கெட்ட குணம். சேணத்தின் வாரை இறுக்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். நாலடி நடந்ததும் வயிறு வற்றி, வார் தொளதொளவென்று ஆகிவிடும். அதனால் நடத்திப் பார்த்து, மறுபடி இறுக்கிய பிறகே ஆளை ஏற்றுவேன்.

போன வருடம் என் மகளோடு மறுவீட்டுக்கு வந்த பழனி ஊர் மாப்பிள்ளை, முதல் தடவை இறுக்கியதுமே தாவி ஏறிவிட்டார். புது மாப்பிள்ளை ஆயிற்றே! இறங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எப்படி இருக்கு மாமா?" என்று மீசையை முறுக்கியபடி கிளம்பினார். சேணம் மெல்லச் சுழன்று அவரோடு குதிரையின் வயிற்றுக்கடியில் போய்விட்டது. ராஜா நின்று நிதானமாகப் புல் மேய்ந்தது.

"மாமா... மாமா..." என்று கீழிருந்து குரல் வந்தது.

"வெரசா எடுத்து விடுங்க! நம்ம புள்ள அங்க போயி வாழணும்ல!" என்று என் மனைவி அலறினாள்.

நல்லவேளை, நான் எடுத்துக் கொடுத்த புதுக் கோட்டில் சேறு அப்பியதோடு போயிற்று.

இப்போதெல்லாம் யாராக இருந்தாலும், "கொஞ்சம் பொறுங்க, இன்னொரு தடவ இறுக்கணும்" என்று கறாராகச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளையிடமும் சொல்லத் தயார்தான். அவரோ, ஏரிப்பக்கம் கூப்பிட்டாலே, "நடந்தே போவோம் மாமா" என்கிறார்.