எண்ணெய் குளித்த ஜப்பான் கல்

இனி எவர் வீட்டுக் கொல்லைப்புறத்திலும் குந்திச் சவரம் செய்வதில்லை என்ற முடிவைப் பெரியண்ணன் எடுத்தது மலாயாவில், ஈப்போ நகரத்துச் சலூன் ஒன்றில் வேலை பார்த்தபோது. அங்கே சவரம் வேண்டியவர் கடையைத் தேடி வந்தார். எப்பேர்ப்பட்ட ஆளானாலும் முறை வரும்வரை காத்திருந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சொந்த ஊரான திருமயத்து வழக்கம் பிறகு ஒத்துக்கொள்ளவே இல்லை. 1948இல் ஊர் திரும்பியவர், கொஞ்ச காலம் கூலி வேலை பார்த்துவிட்டு, பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு, மர நாற்காலி ஒன்றை வைத்து, சலூன் என்று பலகையும் மாட்டிவிட்டார்.

ஊருக்கு இது பொறுக்குமா? பெரிய வீட்டு வெள்ளைச்சாமிக்குச் சுத்தமாகப் பொறுக்கவில்லை. பெரியண்ணனின் அப்பா காலமெல்லாம் கத்திப் பெட்டியோடு அந்த வீட்டுக் கொல்லையில் போய் நின்றவர். "அப்பன் நின்ன எடத்துல நிக்க இவனுக்குக் கால் வலிக்குதாக்கும். பாத்துக்கிட்டே இருங்க, அடுத்த அறுப்புக்குள்ள பெட்டியத் தூக்கிட்டு நம்ம கொல்லைக்கு வந்துருவான்" என்று வெள்ளைச்சாமி போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியண்ணனுக்குத் துணையாக இருந்தது ஒரு கல். சாம்பல் நிறம், ஒரு சாண் நீளம். போர்க்காலத்தில் ஈப்போவில் பக்கத்துக் கடையில் இருந்த ஜப்பான்கார நாவிதர், ஊரைக் காலி செய்து கிளம்பிய அன்று அதை இவர் கையில் திணித்துவிட்டுப் போனார். மண்ணிலிருந்து வெட்டியெடுத்த கல். செய்த கல் அல்ல. மேலே தண்ணீர் தெளித்து, அதன் கூடவே வந்த துண்டுக் கல்லால் தேய்த்தால், பால் போல ஒரு குழம்பு ஊறும். கத்தியைப் படுக்கவைத்து அந்தக் குழம்பில் இழுக்க வேண்டும். இழுக்க இழுக்கச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் குழம்பை நீர்க்கச் செய்ய வேண்டும். கூர் ஏற்றுவது கல்கூட இல்லை, அந்தக் குழம்புதான். அப்படித் தீட்டிய கத்தி கன்னத்தில் போவதே தெரியாது. எண்ணெய் மட்டும் கூடாது என்று ஜப்பான்காரர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருந்தார். பஸ் டிரைவர்களும் சந்தைக்கு வரும் வியாபாரிகளும் அந்தச் சவரத்துக்காகவே கொட்டகைக்கு வந்தார்கள்.

அப்புறம் ஆயுதபூசை வந்தது. கத்தி, கத்தரிக்கோல், சீப்பு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. சோறு போடும் கல்லை மட்டும் வெறுமனே விடப் பெரியண்ணனுக்கு மனசு வரவில்லை. கோயிலில் கருங்கல் சாமிக்கு எண்ணெய்க்காப்பு சாத்துகிற ஊர்க்காரர் அல்லவா! நல்லெண்ணெயை வார்த்து வார்த்துக் கல்லைக் குளிப்பாட்டினார். அது பளபளவென்று மின்னியது. பூசையில் வைத்ததை எடுக்கக் கூடாது என்பதால் மறுநாள்வரை எண்ணெயிலேயே ஊறியது.

விசயதசமியன்று முதலில் வந்து உட்கார்ந்தவர் டிரைவர் திருப்பதி. கல்லில் தண்ணீர் நிற்காமல் உருண்டு ஓடியது, குழம்பு ஊறவில்லை, கத்தி வழுக்கிக்கொண்டு போனது. நல்ல நாளும் அதுவுமாக வந்தவரைத் திருப்பி அனுப்பவும் முடியாமல், தோல் வாரில் நாலு இழுப்பு இழுத்துவிட்டுப் பெரியண்ணன் கத்தியை வைத்தார். தாடையில் ரத்தம்.

"சவரம் பண்ணச் சொன்னா தோலை உரிக்கிறியேய்யா!" என்று துண்டை வீசிவிட்டுத் திருப்பதி எழுந்தார். டிரைவர் வாயில் விழுந்த சேதி அல்லவா, புதுக்கோட்டை வரைக்கும் டிக்கெட் இல்லாமலே போய்ச் சேர்ந்தது. நாற்காலி காலியாகக் கிடந்தது. வெள்ளைச்சாமி ஆள் அனுப்பினார்: "ஐயா வரச் சொல்றாக. பெட்டியோட வரணுமாம்."

"வரமாட்டேன்னு சொல்லுங்க" என்றார் பெரியண்ணன். ஆள் போனதும் கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தக் கல் போனால் கடை போயிற்று. கடை போனால் கொல்லைப்புறம்தான்.

மனைவி உண்ணாமலை கல்லைத் தடவிப் பார்த்தாள். "எண்ணெ தேச்சுக் குளிச்சா தலைக்கு என்ன போடுவோம்? அதையே இதுக்கும் போட்டுப் பாப்போம், கொண்டாங்க இங்கிட்டு."

சீயக்காய் போட்டு ஊறவைத்துத் தேய்த்தார்கள். மேலே இருந்த எண்ணெய் போயிற்று. உள்ளே இறங்கியது போகவில்லை. மிச்சம் ஒரே வழிதான். எண்ணெய் இறங்கிய அளவுக்குக் கல்லையே தேய்த்துக் கழிக்க வேண்டும். எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? தேய்த்துத் தேய்த்துக் கல்லே தீர்ந்துபோனால் இன்னொன்றுக்கு எங்கே போவது? பெரியண்ணனுக்குப் பயமாகத்தான் இருந்தது. இருந்தும் ஊருணிக் கரையில் தட்டையான பாறையைத் தேடி, மணலும் தண்ணீரும் போட்டு, கல்லைக் குப்புறக் கவிழ்த்துத் தேய்க்கத் தொடங்கினார். விரல் தோல் வழன்றது. துணியைச் சுற்றிக்கொண்டு தேய்த்தார். போகிறவர்கள் கேலி பேசினார்கள். தலையைத் தூக்கவில்லை. ஒரு நேரத்தில் தெளித்த தண்ணீர் ஓடாமல் கல்மேல் பரவி நின்றது. துண்டுக் கல்லை எடுத்துத் தேய்த்தார். பால் ஊறியது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு நேரே பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார். சோப்பும் இல்லை, கண்ணாடியும் இல்லை. டிரைவர்கள் எதிரில் நின்று, வெறும் தண்ணீரைத் தொட்டுத் தன் முகத்தைத் தானே மழித்துக்கொண்டார். திருப்பதி கிட்டே வந்து அந்தக் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். கொட்டகைக்கு நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அறுப்பு வந்தது, போனது. பெட்டி எந்தக் கொல்லைக்கும் போகவில்லை. தன் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள், சவரத்துக்கு வேறு ஆள் இல்லாமல் வெள்ளைச்சாமியே கொட்டகைக்கு வந்தார். நாற்காலியில் அவர் வயலில் வேலை செய்யும் கருப்பன், முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்தார்.

"எந்திரிடா" என்றார் வெள்ளைச்சாமி.

கருப்பன் பதறி எழப் பார்த்தார். பெரியண்ணன் அவர் தோளை அழுத்தினார்.

"அசையாதீங்கண்ணே. கத்தி கழுத்துல இருக்கு."

பிறகு திரும்பி, "பெஞ்சுல உக்காருங்கய்யா. அடுத்தது நீங்கதான்" என்றார். வெள்ளைச்சாமி அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கருப்பனின் மறு கன்னத்துக்குப் பெரியண்ணன் நிதானமாக இன்னொரு தரம் நுரை பூசினார்.